சவுண்ட் வராத சம்பந்தம்

தாராவியில் கரீம் பாட்சாவின் மகன் வாசிமைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர், அவன் எதிரே வருவதைக் கண்டால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார்கள். அவன் கடன் கேட்கிறவன் இல்லை. குடிக்கிறவன் இல்லை. வம்புதும்புக்கும் போகமாட்டான், வெள்ளிக்கிழமைத் தொழுகையைத் தவறவிட மாட்டான். அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் லினக்ஸ்.

லினக்ஸ் என்றால் ஏதோ போதை மாத்திரை என்று யாரும் பயப்பட வேண்டாம். ஊரில் எல்லோரும் கம்ப்யூட்டரைத் திறந்தால் விண்டோஸ் வருகிறதல்லவா, அதற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு ஏற்பாடு. உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் புண்ணியவான்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். அதன்மேல் நமக்கு ஒரு குறையும் இல்லை. வாசிமின் மேல்தான் கொஞ்சம் உண்டு.

கரீம் பாட்சா மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தோல் பை தைத்துப் பிழைத்தவர். இப்போது சொந்தக் கார்கானா வைத்திருக்கிறார். அங்கே தைப்பது பெரும்பாலும் லேப்டாப் பைகள். பை அளவு சரியாக இருக்கிறதா என்று நுழைத்துப் பார்ப்பதற்காகக் குர்லாவில் எடைக்கு ஒரு செத்த லேப்டாப் வாங்கிப் போட்டிருந்தார். அதை ஒரு மழைக்காலத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த வாசிம் கையில் எடுத்தான். எங்கேயோ படித்து, எதையோ இறக்கி, லினக்ஸைப் போட்டான். லேப்டாப் உயிர் பெற்று எழுந்து உட்கார்ந்தது. பை அளவு பார்க்க வேறு லேப்டாப் தேட வேண்டியதாயிற்று என்பதோடு கரீம் பாட்சாவின் நஷ்டம் முடிந்திருக்கலாம். முடியவில்லை. அன்றைக்குப் போன மகன் திரும்பக் கிடைக்கவில்லை.

"லேப்டாப்புக்குப் பைதான் தைக்கணும். உள்ள என்ன இருக்குன்னு நமக்கு எதுக்குலே?" என்று அவர் பல தடவை சொல்லிப் பார்த்தார். வாசிம் அதற்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஒவ்வொரு மனிதனுடைய உரிமை என்று ஆரம்பிப்பான். அவர் எழுந்து தையல் மிஷின் பக்கம் போய்விடுவார். அங்கேதான் சத்தம் அதிகம், பேச்சு கேட்காது.

வீட்டில் எல்லோரையும் லினக்ஸுக்கு மதம் மாற்றி முடித்தபின் வாசிம் தெருவுக்கு வந்தான். முதலில் அகப்பட்டவர் பாத்திரக்கடை ஞானராஜ். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று தெரியாத்தனமாக இவன் காதில் போட்டுவிட்டார். மறுநாள் கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை. கம்ப்யூட்டர் நிஜமாகவே குதிரை மாதிரி ஓடியது. பிரிண்டர்தான் நின்றுபோயிற்று.

"பில்லு வரலியே தம்பி" என்றார் ஞானராஜ்.

"அது பிரிண்டர் கம்பெனிக்காரன் பண்ணுத அநியாயம் அண்ணாச்சி. டிரைவர் சாஃப்ட்வேர் குடுக்க மாட்டேங்கான். நாம ஃபோரம்ல எழுதிப் போட்ருக்கோம். ஆனா ஒண்ணு, இன்னிலேருந்து நீங்க சுதந்திரமா இருக்கீங்க."

"அந்தச் சுதந்திரத்த வச்சுக் குக்கர் வாங்குன பொம்பளைக்குப் பில்லு குடுக்க முடியுமாடே?"

முடியாது என்பதால் ஞானராஜ் கையால் பில் எழுத ஆரம்பித்தார். வாசிமோ இதைத் தன் வெற்றிகளில் ஒன்றாகவே சொல்லிக்கொண்டு திரிந்தான். வைரஸ் வந்ததா? இல்லை. ஹேங் ஆயிற்றா? இல்லை. பிரிண்ட் வந்ததா என்று கேட்டால் மட்டும் பேச்சு பிரிண்டர் கம்பெனியின் முதலாளித்துவத்துக்குப் போய்விடும். அக்கா அதீபாவின் புருஷன் தௌசீப் மட்டும் எதற்கும் மசியவில்லை. எங்கேயோ திருட்டுத்தனமாக வாங்கிய விண்டோஸை வைத்துக்கொண்டு, பிரிண்ட் எடுத்து, படம் பார்த்து, சௌக்கியமாக இருந்தான். அந்தச் சௌக்கியம் வாசிமுக்கு ஒரு தீராத வயிற்றெரிச்சல்.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மிஷினிடம் அவனுக்கு இருந்த பொறுமை, பெற்ற தாய்க்குக்கூட இருக்காது. கறுப்புத் திரையில் வரிவரியாகப் பிழைச் செய்தி வந்து விழும். நமக்கெல்லாம் பார்த்த உடனே தலை சுற்றும். அவன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டு வாசிப்பான். புரியாவிட்டால் மறுபடி வாசிப்பான். "என்ன சொல்ல வாரான்னு மொதல்ல முழுசாக் கேக்கணும், அப்பத்தான் ரிப்பேர் பண்ண முடியும்" என்பது அவன் கொள்கை. இந்தக் கொள்கை மிஷின்களுக்கு மட்டும். மனிதர்கள் வாயைத் திறந்து இரண்டாவது சொல்லுக்கு வருவதற்குள் "தெரியும், தெரியும்" என்று அவன் பதிலை முடித்திருப்பான்.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் அமையவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தாணேயில் ஒரு பெண்ணின் தகப்பனாரிடம், அவர் போனில் என்னென்ன உளவு வேலை நடக்கிறது என்று விளக்கப் போய், அவர் பயந்து போனை அணைத்தவர்தான், மறுபடி இவர்கள் நம்பருக்கு எடுக்கவே இல்லை. உம்மா மரியம் பீவி தொழுகைப் பாயில் உட்கார்ந்து துஆ கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நேரத்தில்தான் சாயிமா வந்தாள்.

குர்லாவில் ஒரு நிக்காஹ். மண்டபத்துப் பெரிய திரையில் படம் ஓடவில்லை என்று வாசிமைக் கூப்பிட்டார்கள். மணப்பெண்ணின் தோழி ஒருத்தி, என்ன ஆயிற்று என்று பார்க்க வந்து பக்கத்தில் நின்றாள். ஐரோலியில் வீடு. அங்கேயே ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று போன் போட்டுக் கத்துகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் வேலை. வாசிம் ஒயரைப் பிடுங்கிக்கொண்டே லினக்ஸின் வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்தான். அவள் கொட்டாவி விடவில்லை. செல்போனைப் பார்க்கவில்லை. உள்ளே பிரியாணி பரிமாறி முடியும்வரை நின்று, கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இது சரியா வரலன்னா வேற வழி வச்சிருக்கீங்களா?"

"வேற வழியே தேவைப்படாது" என்றான் வாசிம்.

அன்று ரயிலில் வாசல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தவனுக்குக் குர்லாவும் தெரியவில்லை, சயானும் தெரியவில்லை. தன் பேச்சை முழுக்கக் கேட்ட ஒரு மனுஷி இந்த உலகத்தில் இருக்கிறாள். வாழ்ந்தால் இவளோடுதான் என்று முடிவு செய்துவிட்டான். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவனுக்கு நெஞ்சில் ஒரு வலி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. வாசிம் இப்படி ஆசைப்பட்டு ஒரு பெண்ணைக் கேட்டதில் மரியம் பீவி பாதி அழுதேவிட்டார்.

பேச்சைக் கொண்டுபோனவள் அதீபா. அவள் வாக்குச் சாமர்த்தியம் உள்ளவள். தம்பி கார்கானாவில் ஜிப் எண்ணி, தையற்காரர்களுக்கு டீ சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னால் ஐரோலியில் எடுபடுமா? "லினக்ஸ் என்ஜினியர்" என்று சொல்லிவைத்தாள். அது படிப்பா, கம்பெனியா, பதவியா என்று அவர்கள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. வாசிமுக்கு இது தெரியும். மறுத்தும் பேசவில்லை. ஒருவகையில் உண்மைதானே என்று அவன் மனசு சொல்லிற்று.

பெண்கள் போய்ப் பெண்ணைப் பார்த்தாயிற்று. இனிப்பு கைமாறியாயிற்று. மிச்சமிருந்தது சாயிமாவின் வாப்பா வாயால் ஒரு சொல். அவர் ஷார்ஜாவில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் எல்லோருமாக வீடியோவில் பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. அவர் ஷார்ஜாவில், சாயிமாவும் அவள் உம்மாவும் ஐரோலியில், இவர்கள் தாராவியில்.

"என் போன்லயே பேசிருவோம்" என்றாள் அதீபா.

"போன்லயா? கை ஆடும், வாய் மட்டும் தெரியும், மூஞ்சி தெரியாது. நம்ம சிஸ்டத்துல டிவியில பெருசாப் போடுதேன். அவியளும் பாக்கட்டும்" என்றான் வாசிம். என்ஜினியர் என்று சொன்னதற்கு ஒரு அத்தாட்சியாகவும் இருக்கும் என்று கரீம் பாட்சாவுக்கும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. படம் வந்தது, பேச்சு வந்தது, டிவியில் பாட்டுப் போட்டால் சந்து முனை வரைக்கும் கேட்டது. அப்போது திரையின் மூலையில், புது அப்டேட் வந்திருக்கிறது என்று ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. சொறி வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் உட்காருவான், லினக்ஸ்காரன் அப்டேட்டைப் பார்த்துவிட்டு உட்காரமாட்டான். வாசிம் அமுக்கினான். அது பாட்டுக்கு எதையெதையோ இறக்கியது, அழித்தது, எழுதியது. முடிந்ததும் மறுபடி பாட்டுப் போட்டுப் பார்த்தான். அப்போதும் சவுண்ட் வந்தது. அப்டேட்டால் ஒரு கெடுதலும் நேரவில்லை. இதை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம், ஏனென்றால் வாசிம் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

சாயங்காலம் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது. பாங்கு சொல்லும்போது டிவி சத்தம் இருக்கக்கூடாது. அந்த வீட்டில் மட்டுமில்லை, அந்தச் சந்து முழுக்க அதுதான் வழக்கம். வாப்பாவும் மகனும் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார்கள். மரியம் பீவி ரிமோட்டை எடுத்து டிவியின் வாயை அடைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தொழப் போனார். தொழுதுவிட்டுச் சமோசா பொரிக்க உட்கார்ந்தார். அடைத்த வாயை யாரும் திரும்பத் திறக்கவில்லை.

பள்ளியிலிருந்து வந்த வாசிம் கட்டளைகள் போட்டான். எல்லோரும் போனை அணைக்க வேண்டும், போன்கள் நெட்டைத் தின்றுவிடும். அணைத்த போன்களைச் சேர்த்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, மாளா என்கிற பரணில் ஏற்றினான். ரிமோட்டைத் தன் கீபோர்டுக்கு அடியில் தள்ளினான். யாரும் எழுந்திருக்கக்கூடாது, காமிராவில் ஆடும். கரீம் பாட்சா வெள்ளைச் சட்டையில், மரியம் பீவி பச்சைச் சேலையில், அதீபா நடுவில், ஸ்டுடியோவுக்கு வந்தவர்கள் போல விறைப்பாக உட்கார்ந்தார்கள்.

டிவியில் ஷார்ஜாக்காரர் வந்தார். ஐரோலியில் சாயிமாவும் உம்மாவும் வந்தார்கள். மூவருடைய வாயும் அசைந்தது. ஸலாம் சொல்கிறார்கள் என்று தெரிந்தது, சத்தம் இல்லை.

"வ அலைக்கும் ஸலாம்" என்று கரீம் பாட்சா ஒரு உத்தேசத்தில் சொல்லிவைத்தார்.

"சவுண்ட் வரல" என்றான் வாசிம். முகம் வெளிறிவிட்டது. "காலைல அப்டேட் போட்டேன்லா. அதான்."

"ஏலே, நான் பாங்குக்கு..." என்று ஆரம்பித்தார் மரியம் பீவி.

"உம்மா, நீ சும்மா இரு. இது அப்டேட் பிரச்சன. நான் பாத்துக்கிடுதேன்."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அடைத்துக் கிடந்தது டிவியின் வாய் மட்டும்தான். காமிராவில் இருந்த மைக் அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. தாராவியில் பேசுவது ஷார்ஜாவிலும் ஐரோலியிலும் சொல்லுக்குச் சொல் கேட்டது. ஆனால் தனக்குக் கேட்காவிட்டால் எதிராளிக்கும் கேட்காது என்று நினைப்பது மனித இயற்கை. கரீம் பாட்சா குடும்பமும் மனிதர்கள்தானே.

வாசிம் கறுப்புத் திரையைத் திறந்தான். அது டிவியில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டது. ஐரோலி முழுக்க அதற்குப் பின்னால் போய்விட்டது. சாயிமா ஒரு தாளில் 'எங்களுக்குக் கேக்குது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டியதை அதனால் ஒருவரும் பார்க்கவில்லை. மூலையில் ஷார்ஜாக்காரர் மட்டும் தெரிந்தார்.

"தலைக்கு டை அடிச்சிருக்காரு பாரேன் உம்மா" என்றாள் அதீபா, சிரித்த முகத்தோடு, உதட்டை அசைக்காமல். "காதுப் பக்கம் அடிக்க மறந்துட்டாரு."

திரையில் ஷார்ஜாக்காரர் சட்டென்று கையை எடுத்துக் காதோரம் தடவிப் பார்த்தார்.

"பாத்தியா, காதக் காட்டுதாரு. அவியளுக்கும் கேக்கல" என்றான் வாசிம்.

அவன் தேட ஆரம்பித்தான். மிஷின் ஒரு பத்தி கக்கியது. வாய்விட்டு முழுக்க வாசித்தான். சவுண்ட் அமைப்பில் பச்சைக் கோடு மேலும் கீழும் ஆடிற்று. சத்தம் நல்லபடியாக டிவிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். மிஷின் பாவம், உண்மையைத்தான் சொல்லிற்று. "இது பொய் சொல்லுது" என்று வாசிம் வேறு இடத்துக்குப் போனான். ஒன்றை மாற்றினான், வரவில்லை, பழையபடி வைத்தான். இன்னொன்றை மாற்றினான், வரவில்லை, பழையபடி வைத்தான். மாற்றியதை மறக்காமல் திரும்ப வைப்பது அவனுடைய நல்ல பழக்கம்.

"வாசிம், நான் அந்த டிவிய..." என்றார் மரியம் பீவி.

"டிவி இல்லம்மா பிரச்சன! டிவில படம் வருதுல்லா? ஒனக்கு என்ன தெரியும்? பேசாம இரு, எனக்குக் கணக்கு தப்புது."

கரீம் பாட்சாவுக்கு வியர்த்தது. "என்ஜினியர்னு சொல்லிட்டு இப்படி உக்காந்து முழிக்கியே. அவரு என்ன நெனப்பாரு?" என்று மகனை அதட்டினார். பிறகு மகளைப் பார்த்து, "நீதான சொன்ன? கார்கானால ஜிப்பு எண்ணுதவன லினக்ஸ் என்ஜினியருன்னு?" என்றார்.

"பின்ன, ஜிப்பு என்ஜினியருன்னு சொல்லச் சொல்லுதீயளா? அப்ப வாய மூடிட்டுத்தான இருந்தீய?" என்று அதீபா சிரித்த முகம் மாறாமல் திருப்பிக் கொடுத்தாள். அவர்களும் எங்கே நிஜம் சொல்லியிருப்பார்கள், அந்த ஐரோலி வீடு வாடகை வீடாகத்தான் இருக்கும் என்று கூடவே ஒன்றைச் சேர்த்தாள். ஷார்ஜாக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நான் என்ஜினியர்னு யார்ட்டயும் சொல்லல" என்றான் வாசிம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னிக்கு அவகிட்ட நானே சொல்லிரணும்னு இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, ஃபோரம்ல நாலு பேரு எழுதி வச்சத எடுத்துப் போடுதேன், அவ்வளவுதான். இந்தச் சனியன் மட்டும் வந்துச்சுன்னா சொல்லிருவேன்." சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அதீபாவின் சிரித்த முகம்கூட மாறிவிட்டது.

அந்த நிமிஷத்தில் மரியம் பீவி மகன் தோளைத் தொட்டார். "வாசிம், நான் சொல்லுத ஒரே ஒரு விசயம்..."

"உம்மா!" வாசிம் கத்திவிட்டான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூட அடங்கிவிட்டாற்போல இருந்தது. "எத்தன வாட்டி சொல்லுதேன்? ஒனக்கு இது புரியாதும்மா. புரியாத விசயத்துல எதுக்கு வாய வைக்க? இங்க என் வாழ்க்கை போய்க்கிட்டு இருக்கு!"

மரியம் பீவி கையை எடுத்துக்கொண்டார். வாசிம் மிஷின் பக்கம் திரும்பினான். அது புதிதாக ஒரு பிழைச் செய்தியைப் போட்டிருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு, அதை எழுத்துக் கூட்டி முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.

மரியம் பீவி எழுந்தார். காமிராவில் ஆடினால் ஆடட்டும் என்று நடந்து போய், கீபோர்டுக்கு அடியில் கையை விட்டு ரிமோட்டை உருவினார். டிவியை நோக்கி நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினார்.

"...கேக்குதா மாமி?" என்றது சாயிமாவின் குரல்.

நல்ல வெண்கலக் குரல். அறை முழுக்க நிறைந்து, கதவைத் தாண்டிச் சந்து வரைக்கும் போயிற்று. வாசிம் துள்ளிக் குதித்தான். கறுப்புத் திரையை மூடினான். ஐரோலி பெரிதாகத் தெரிந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சுல்லா! அஸ்ஸலாமு அலைக்கும்! சின்ன டெக்னிகல் பிராப்ளம், சரி பண்ணிட்டேன்" என்றான்.

"வ அலைக்கும் ஸலாம்" என்றாள் சாயிமா. "எங்களுக்கு மொதல்லேருந்தே எல்லாம் கேட்டுச்சு."

அதீபா முக்காட்டால் வாயைப் பொத்தினாள். கரீம் பாட்சா மேலே மாளாவில் இருந்த எவர்சில்வர் டப்பாவை, ஏதோ அதில் ஒளிந்துகொள்ள இடமிருப்பதைப் போலப் பார்த்தார். முதலில் தொண்டையைச் செருமியவர் ஷார்ஜாக்காரர்.

"பாட்சா பாய், என்ஜினியர் விசயத்த மனசுல வச்சுக் கஷ்டப்படாதீங்க. கல்யாணப் பேச்சுல எல்லாரும் கூடக் கொறைய சொல்லத்தான் செய்வாங்க. என்னய மேனேஜருன்னு சொல்லிருப்பாங்க, நான் ஸ்டோர் கீப்பர். வீடு வாடகைதான். டை விசயமும் வாஸ்தவந்தான், கண்ணாடி சின்னக் கண்ணாடி, பக்கவாட்டு தெரியல."

கரீம் பாட்சா சிரித்துவிட்டார். ஷார்ஜாவும் சிரித்தது. வாசிமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாம் கேட்டுவிட்டார்கள், பொய்யும் போய்விட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. இதைவிட நல்லபடியாக ஒரு சம்பந்தம் ஆரம்பிக்க முடியுமா என்று அவன் நினைத்தான்.

"முடிவு மவ கையில. நீ சொல்லும்மா" என்றார் ஷார்ஜாக்காரர்.

சாயிமா நேராக வாசிமைப் பார்த்தாள். கோபம் இல்லை. நாள் முழுக்க எத்தனையோ பேரிடம் பொறுமையாகப் பேசிப் பழகிய குரலிலேயே பேசினாள்.

"அன்னிக்கு ஹால்ல நீங்க சொன்னது எல்லாம் எனக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு. லினக்ஸ் மேல எனக்கு ஒண்ணுமில்ல, எங்க ஆபீஸ்லயும் அதான் ஓடுது. ஜிப்பு எண்ணுனா என்ன, அதுவும் வேலதான். நீங்களே சொல்லணும்னு இருந்தேன்னு சொன்னீங்க பாத்தீங்களா, அது நெஜம்மா நல்லாருந்துச்சு. ஆனா மாமி ஒரே ஒரு விசயத்தத்தான் சொல்ல வந்தாங்க. நான் இங்க உக்காந்து, இப்பவாவது முடிக்க விடுவீங்க, இப்பவாவது முடிக்க விடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த மெஷின் சொன்னத எல்லாம் நீங்க ஒரு எழுத்து விடாம வாசிச்சீங்க. நாளைக்கு மாமி எடத்துல நான்தான் இருக்கணும். எனக்கு வேண்டாம். மாப்பு பண்ணிருங்க."

அவள் உம்மா பதறிப்போய் ஏதோ சொன்னார். ஷார்ஜாக்காரர், நாளைக்குப் போனில் பேசுவோம் பாய், பிள்ளைகள் இப்படித்தான் என்று சமாளித்தார். இரண்டு பக்கமும் ஸலாம் சொன்னார்கள். ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள்.

வாசிமின் லினக்ஸில் அத்தனை தெளிவான சவுண்ட் அதற்கு முன் வந்ததில்லை. கரகரப்பு இல்லை, தடங்கல் இல்லை. சந்தில் நின்றவர்களுக்குக்கூட ஒரு சொல் தப்பவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கேட்கும்போது நமக்கே அவன்மேல் இருந்த குறையெல்லாம் மறந்து, பாவமாகத்தான் இருந்தது.

கரீம் பாட்சா எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கார்கானாவுக்குப் போனார். அதீபா டப்பாவை இறக்கித் தன் போனை எடுத்துக்கொண்டு, தம்பியைத் திட்ட வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். ஆறிப்போன சமோசாத் தட்டை எடுக்க மரியம் பீவி குனிந்தார்.

வாசிம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மிஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். உம்மாவின் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தான்.

"பாங்குக்கு நீ டிவிய மியூட் பண்ணிருக்க" என்றான்.

"ஆமா."

"அதத்தான் சொல்ல வந்தியா?"

"ஆமால்லே."

"எத்தன தடவம்மா சொல்ல வந்த?"

தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்த மரியம் பீவி மகனைப் பார்த்தார். குத்திக்காட்ட வேண்டும் என்று இல்லை, சரியாகத் தெரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் கேட்டார்.

"இன்னிக்கு மட்டுமா?"